பின்சீட்டில் டயர் அண்ணன்

பேய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, போலீஸுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பெண்டாட்டிக்குப் பயப்படுகிறவர்கள் ஏராளம். மோட்டார் சைக்கிள் டயருக்குப் பயந்தவர் என்று கோலார் தங்க வயல் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் அகப்படுவார். அங்கே சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் என் எதிர்வீட்டுக்காரர். ஊருக்கே டயர் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும் என்று பேச்சு.

இத்தனைக்கும் அவரிடம் பைக் கிடையாது. ஆனால் தெருவில் யார் பைக்கை நிறுத்தினாலும் ஓடிவந்து பக்கத்தில் குந்திவிடுவார். கட்டைவிரல் நகத்தால் டயரை அழுத்திப் பார்ப்பார். நகம் பதிந்தால் முகம் மலரும். பதியாவிட்டால், வண்டிக்காரரை இழவு வீட்டில் பார்ப்பது போலப் பார்ப்பார்.

"இது தேயவே தேயாதுப்பா."

"நல்லதுதானேண்ணே?"

"இன்னா நல்லது? உன்னவிட ரொம்ப நாளு உசுரோட இருக்கும். அவ்ளோதான்."

கெட்டி ரப்பர் நாள்பட உழைக்கும், ஈர ரோட்டைப் பிடிக்காது. மெத்து ரப்பர் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இதுதான் அவர் வேதம். "டயரு தேயணும், இல்லன்னா நாம தேயணும். யாரு தேயறதுன்னு நீயே சொல்லு" என்று கேட்டால் யார்தான் என்ன சொல்வது?

சிரித்தோமே தவிர, எங்கள் எல்லோருக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. காரணம் சைனைட் மேடு. சைனைட் கலந்து தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மண். காற்றடித்தால் அந்தப் பொடி பறந்து வந்து கீழே ரோட்டில் படியும். அதன்மேல் லேசாகத் தூறல் போட்டால் போதும், ரோடு முழுக்க சோப்புத் தேய்த்தது போலாகிவிடும். பெருமழை என்றாலும் பரவாயில்லை, கழுவிக்கொண்டு போய்விடும். தூறல்தான் எமன்.

ஒருநாள் இரண்டு கம்பெனி டயர்களை ஒப்பிட்டே தீருவது என்று அண்ணன் கிளம்பினார். யாரோ இரண்டு அப்பாவிகளின் பைக்குகளை வாங்கி, மேட்டு மண்ணைத் தெருவில் பரப்பி, குடத்துத் தண்ணீரை ஊற்றினார். ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டே ஓடி, சட்டென்று பிரேக்கைப் பிடித்து, எவ்வளவு தூரம் சறுக்குகிறது என்று காலடியால் அளந்தார். அடுத்த பைக்குக்கும் அதேதான். இதில் இரண்டாவது பைக் நின்றுவிட்டது, அண்ணன் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய் குழாயடியில் வரிசை வைத்திருந்த குடங்களின் மேல் விழுந்தார்.

"குழாயில தண்ணி வர்றதே அபூர்வம். இந்தாளு ரோட்டுக்கு ஊத்திக் குளிப்பாட்டறாரு!" என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

சேற்றோடு எழுந்த அண்ணன், "ரெண்டாவது டயருதான் நல்ல டயரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

எனக்குக் கோலார் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தபோது பைக் வாங்கினேன். பழைய பைக். அப்போது என் மனைவி முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து உண்டான பிள்ளை. பைக்கைப் பார்த்ததும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அழுதாள். டயர் அண்ணனும் அதே கம்பெனியில்தான் பேக்கிங் பிரிவில் இருந்தார். அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அண்ணே, நீங்க பின்னாடி உக்காந்து போறதா இருந்தா இவரு போட்டும். இல்லன்னா வேலையே வோணாம்."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பைக்கில் ஏறுவது என்றாலே அவருக்கு நடுக்கம். ஆனாலும், "நான் பாத்துக்கறேம்மா. முழுசா கொண்டாந்து உடறேன்" என்றார். முழுசாக இல்லாமலும் வந்து சேரலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் காரியமாக ராபர்ட்சன்பேட்டை பஜாருக்கு இழுத்துப்போய், கடையில் இருந்த அத்தனை டயரிலும் நகம் பதித்துப் பார்த்தார். "எல்லாத்தையும் இப்டி கீறி வச்சா நான் யாருக்குங்க விக்கறது?" என்று கடைக்காரர் கெஞ்சினார். கடைசியில் இருப்பதிலேயே மெத்தென்ற டயர் இரண்டு மாட்டினோம். அன்று முதல் தினமும் கிளம்புமுன் டயர்ப் பள்ளத்தில் தீக்குச்சியைச் செருகிப் பார்ப்பார். குச்சியின் மருந்து பள்ளத்துக்குள் மறைந்தால்தான் பயணம்.

அடுத்தது மணி. அண்ணனின் அப்பா சுரங்க வாசலில், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜுக்கு மணி அடித்தவர். ஒரு மணி என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் உள்ளே ஆள் இருக்கிறது, பதமாக ஓட்டு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விளையாட்டிலேயே கற்றுக்கொள்ளும் கணக்கு இது. ஹெல்மெட் போட்டால் பேசுவது கேட்காது என்பதால், அண்ணன் அந்த மணியை என் முதுகில் அடிக்க ஆரம்பித்தார். கிளம்பும்போது மூன்று தட்டு. இறக்கத்தில் இரண்டு. நாய் வந்தால் ஒன்று. மாலையில் என் முதுகுக்குத் தைலம் தேய்ப்பதே என் மனைவிக்கு வேலையாகிவிட்டது.

அவளுக்கு நாள் நெருங்கிய சமயம். ஒரு காலை, நாங்கள் சைனைட் மேட்டு வளைவை நெருங்கும்போது தூறல் பிடித்தது. ரோடு சாம்பல் நிறத்தில் பளபளத்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், அண்ணன் தினமும் ஓதியதுதான்: சேத்துமேல போறப்ப பிரேக்க மட்டும் தொடாதே. தொடவில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டே போனேன். வளைவில் எதிரே பஸ் வந்தது.

அண்ணனின் கை என் முதுகில் தட்டியது. ஒரே ஒரு தட்டு.

என் தாத்தாவும் அந்தக் கேஜில் இறங்கியவர்தான். ஒரு மணி என்றால் நிற்க வேண்டும். யோசிப்பதற்குள் என் கையும் காலும் பிரேக்கை நசுக்கிவிட்டன.

வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. பின்சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பியது. பஸ்ஸின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கத்தியது அண்ணன்தான். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து, "அவ மாசமா கீறாப்பா! மாசமா கீறாப்பா!" என்று அலறினார்.

சேறு முடிந்து தார் தொடங்கும் இடம் வந்தது. டயர் வெடுக்கென்று ரோட்டைக் கவ்வியது. வண்டி குலுங்கிச் சாய, இருவரும் ரோட்டில் உட்கார்ந்திருந்தோம். பஸ்ஸும் நின்றிருந்தது. அதன் பம்பரை நான் கைநீட்டித் தொட்டிருக்கலாம்.

டிரைவர் எட்டிப்பார்த்து, "சாயக்கே நன் பஸ்ஸே பேக்கித்தா?" என்று கன்னடத்தில் கேட்டார். சாவதற்கு என் பஸ்தான் கிடைத்ததா என்று அர்த்தம்.

அண்ணன் என் கையைக் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை என்று தெரிந்ததும் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார்.

"டயரு தப்பு பண்லப்பா. நான்தான் தட்டிட்டேன்."

"உடுங்கண்ணே, ஒண்ணும் ஆவல."

"ஆயிருக்கும்பா. அந்தப் பொண்ணுக்கு நான் இன்னா சொல்லியிருப்பேன்?"

அதன்பிறகு அவர் என் வண்டியில் ஏறவே இல்லை. என் மனைவியே போய்க் கூப்பிட்டும், "என் கைய நம்பாதம்மா" என்று சொல்லிவிட்டார். எங்களுக்குப் பெண் பிறந்தபோதுகூட வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த தூறலில் நான் தனியாக அந்த வளைவுக்குப் போனேன். ரோடு சுத்தமாக இருந்தது. ஓரத்தில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியும் துடைப்பமுமாக அண்ணன்.

"இன்னாண்ணே, முனிசிபாலிட்டில வேல கெடச்சிச்சா?"

"ஆமாப்பா. பர்மனென்ட். நீ முன்னாடி பாத்து போ."

என்னை அனுப்பிவிட்டு, பின்னால் வரும் பஸ்ஸைப் பிடித்து வேலைக்கு வருவார். காற்றடித்தாலும் தூறினாலும் இன்றுவரை அந்த வேலைக்கு லீவு கிடையாது. நான் வளைவில் திரும்பும் நேரத்தில் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

இப்போது கம்பெனியே பஸ் விடுகிறது. மழைக்காலத்திலாவது அதில் போகக் கூடாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். போகலாம்தான். ஆனால் எனக்காக இவ்வளவு பயப்பட இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?