பால் சுரக்கும் பல்பு

வணக்கம் கண்ணுகளா, எல்லாரும் சௌக்கியந்தானே? மூட்டுவலி, முதுகுவலி எல்லாம் அடங்கியிருக்கிறதா? அப்படியென்றால் உட்கார்ந்து கேளுங்கள்.

பல்பு சாமி வந்துவிட்டார் என்றதும் பால்காரம்மாவின் மாட்டுக்கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. மாடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் வந்தாயிற்று. மாடே இல்லாத தையல்காரரும் வந்தாயிற்று. நாளைக்கு வாங்க மாட்டாரா என்ன?

சாமி விற்பது மஞ்சள் பெயின்ட் அடித்த இருநூறு வாட் குண்டு பல்பு. மந்திரித்தது. மாட்டும்போது கையிலுள்ள தீர்த்த வாளியைத் தட்டித் தட்டி மந்திரம் சொல்வார். எரியவிட்டால் மாடு திரும்பிப் பார்க்குமாம், மடி தானாகச் சுரக்குமாம். ஒரே நிபந்தனை, இரவும் பகலும் அணைக்கக் கூடாது.

பால்காரம்மா இரண்டு மாதமாக அணைக்கவில்லை. கை தவறிப் பட்டுவிடக் கூடாதென்று சுவிட்சில் துணி சுற்றி வைத்திருந்தாள். ஐந்து மாடுகளும் படுக்காமல் நின்றன. பத்து லிட்டர் கறந்த கறுப்பி ஆறுக்கு இறங்கிவிட்டது.

குற்றம் பல்பில் இல்லை என்று கண்டுபிடிக்க சாமிக்கு அரை நிமிடம் ஆனது.

"கறுப்பு மாடு ஒளிய முழுங்குதும்மா. இன்னைக்கே தள்ளிவிட்டுடு. நம்ம தரகர் வெளிய வண்டியோட நிக்கிறாரு."

வண்டியோடவே வந்திருக்கிறது ஞானதிருஷ்டி!

தாயில்லாக் கன்றாக வந்த கறுப்பிக்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் பால்காரம்மா. ஆனாலும் அவள் கை கயிற்றை அவிழ்க்கப் போனது.

"நில்லுங்க அத்தை" என்றாள் மருமகள். மின்சாமான் கடையில் வேலை பார்ப்பவள். "சாமி, புது பல்பு ஒண்ணு போட்டு சக்தியக் காட்டுங்க. பார்த்துட்டு மாட்ட அனுப்பிடுறோம்."

"பேஷா! நான் சொன்னபடி இன்னைக்குச் சாயந்தரம் கறக்கலதானே?"

"கறக்கல சாமி. தீர்த்த வாளிய நீங்க ஏன் சுமக்கணும்? இப்படிக் குடுங்க."

பணிவாகத்தான் கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் தகர வாளி அவள் கைக்கு வந்துவிட்டது.

சாமி புது பல்பை மாட்டினார். எரிந்தது. மாடுகள் திரும்பவில்லை. மந்திரம் சொன்னார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். ஒரு மாடு சாணி போட்டது.

"வாளி இல்லாம மந்திரம் ஏறாதும்மா!"

"அப்படியா? அப்ப பல்பு இல்லாமப் பார்ப்போம்."

மருமகள் துணியைப் பிரித்துச் சுவிட்சை அணைத்தாள். கூட்டம் 'ஐயோ' என்றது. பால்காரம்மா கண்ணைப் பொத்திக்கொண்டாள். மருமகள் வாசலுக்குப் போய் வாளியை இரண்டு தட்டுத் தட்டினாள். டண், டண்.

அந்தி வெளிச்சத்தில் ஐந்து தலைகளும் திரும்பின. கறுப்பியின் காம்பிலிருந்து பால் சொட்டியது.

"அத்தை, கண்ணத் திறங்க. தினம் கறக்க வர்றப்ப என்ன சத்தத்தோட வருவீங்க?"

"வாளிச் சத்தத்தோடதான்..."

"அந்தச் சத்தம் கேட்டாத் தீவனமும் கறவையும் வருதுன்னு மாட்டுக்குத் தெரியும். மடி நெறஞ்சிருந்தாச் சொட்டாதா? பல்புக்கு இதுல என்ன வேலை? ராப்பகலா மூஞ்சியில வெளிச்சம் அடிச்சா நீங்க தூங்குவீங்களா?"

பால்காரம்மா கறுப்பியின் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

"சாமி, வண்டி காலியாத்தானே இருக்கு? நீங்க ஏறிக்குங்க."

ஏறிக்கொண்டார்.

மருமகள் ஒன்பது வாட் எல்.இ.டி. மூன்றை, தூசியும் ஈரமும் புகாத மூடியோடு மாட்டினாள். கரண்ட் ஏழில் ஒரு பங்குதான் இழுத்தது. ராத்திரி அணைத்ததும் மாடுகள் படுத்து அசைபோட்டன. சில வாரத்தில் கறுப்பி ஒன்பது லிட்டருக்கு ஏறியது. மந்திரம் எதுவும் சொல்லவில்லை.

அதெல்லாம் சரி. அன்றைக்கு வண்டி போனதும் கூட்டத்தில் ஒருவர் மெதுவாக வந்து கேட்டாராம்: "ஏம்மா, அந்த வாளி என்ன விலை?"

வாளிச் சத்தத்துக்குத் திரும்பினால் மாட்டுக்குத் தீவனமாவது கிடைக்கிறது. நமக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். உங்களை எந்த வாளி திரும்பிப் பார்க்க வைத்தது? வெட்கப்படாமல் எழுதி அனுப்புங்கள்.