பயாஸ்கோப்பு காட்டிய ஸ்ரீராம்புரத்து வானம்

பல் பிடுங்குகிற இடத்தைவிட்டு வீட்டுக்கு வரமாட்டேன் என்று பிள்ளைகளை அடம்பிடிக்க வைத்த ஆள், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் டாக்டர்கூட இல்லை. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த பல் ஆஸ்பத்திரியில், டாக்டரம்மாவுக்கு உதவியாளர். தகப்பன் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். ஏரியா முழுக்க அவர் 'பயாஸ்கோப்பு'தான்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? கோலார் தங்கவயலில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு நானே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்று பீன்யா தொழிற்பேட்டையில் சொந்த லேத் பட்டறை. நான் சொன்னால் இரும்பு கேட்கும். என் பேத்தி ஷாலு மட்டும் கேட்கமாட்டாள்.

பயாஸ்கோப்புக்கு ஒரே ஒரு கொள்கை. "வலி பல்லுல பாதிதான் சார் இருக்குது. மீதி கண்ணுல இருக்குது. ஊசியைப் பாக்காத புள்ளைக்குப் பாதி வலிதான்." இதற்காக முதலில் ஸ்கூட்டர் கண்ணாடி ஒன்றை நாற்காலிக்கு மேலே கட்டி, அதில் செல்போன் பொம்மைப் படம் தெரியும்படி செய்தார். படத்தைவிட ஊசிதான் அதில் தெளிவாகத் தெரிந்தது. அன்று ஒரு பையன் நாற்காலியிலிருந்து குதித்தவன், பஸ் ஸ்டாப்பில்தான் நின்றான்.

அப்புறம் கூரையில் படம் காட்டினார். நடுவில் மின்விசிறி. பாவம், யானையைத் துண்டு துண்டாக வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் யானைக்காக அழுதார்கள்.

கடைசியில், போனைச் செருகி முகத்தில் மாட்டும் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"ஓனரே, இதை மாட்டுனா கடலுக்குள்ள இருக்கிற மாதிரியே இருக்கும். ஆனா கனம். புள்ளைங்க மூக்கு தாங்கல. மேலேருந்து தொங்கவுட ஒரு கை செஞ்சு குடுங்க."

செய்து கொடுத்தேன். அலுமினியக் கை, மூன்று மூட்டு. சுண்டுவிரலால் தள்ளினால் நகரும், விட்ட இடத்தில் நிற்கும். அப்படி ஒன்றை எந்த இன்ஜினீயராவது செய்து காட்டட்டும், என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

என் கையில் குற்றமில்லை, கடலில்தான் குற்றம். மீன் காதுப்பக்கம் நீந்திப் போனால் பிள்ளையும் வாயில் மிஷினோடு தலையைத் திருப்பிவிடும். டாக்டரம்மா அலறுவார். ஒரு வாரம் பயாஸ்கோப்பு சாப்பிடாமல் யோசித்தார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்: "படுத்துகினு பாக்கிறவனுக்கு, நின்னுகினு எடுத்த படத்தைக் காட்டுனா எப்படி ஓனரே? படுத்துகினுதான் எடுக்கணும்."

மறுநாள் ஒரு கூட்ஸ் ஆட்டோவின் பின்னால் மல்லாந்து படுத்தார். நெற்றியில் போனைக் கட்டிக்கொண்டார். படம் ஆடக்கூடாது என்று, ஆஸ்பத்திரி வெள்ளைத் துணியால் நெற்றிப் போனையும் சேர்த்து, லென்ஸ் மட்டும் தெரிய, உடம்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டார். வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவரை மெதுவாக ஓட்டச் சொன்னார். ஸ்ரீராம்புரத்துக்குள் வண்டி நுழைந்தது.

வெள்ளைத் துணி, மூடிய கண், நடை வேகத்தில் வண்டி. ஸ்ரீராம்புரத்து ஜனங்கள் வேறென்ன நினைப்பார்கள்? பைக்கில் போனவர்கள் ஓரம் கட்டினார்கள். தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பூ விற்கிற அம்மா ஒருத்தி வண்டியோடு கூடவே நடந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, யாரு பெத்த புள்ளையோ! கூட வர ஒரு நாதிகூட இல்லியே! டேய், ரெண்டு பேரு வாங்கடா, தனியா போவுதுடா!"

நாலு பேர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். அந்த அம்மா கூடைப் பூவை அள்ளி அள்ளிப் போட்டாள். பயாஸ்கோப்பு அசையவில்லை. படம் நன்றாக வந்துகொண்டிருந்ததாம்! கடைசியில் ஒரு சாமந்தி இதழ் மூக்கில் நுழைந்து, பெரிதாக ஒரு தும்மல்.

"அக்கா, பயப்படாத. நான் சாவல. படம் எடுக்கிறேன்."

மீதிப் பூவைக் கூடையோடு அவர் தலையிலேயே கவிழ்த்துவிட்டுப் போனாளாம் அந்த அம்மா.

டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார். "சாவு ஊர்வலத்தையா குழந்தைங்களுக்குக் காட்டுவீங்க? முதல்ல அதை அழிங்க!"

"அழிச்சிட்டேம்மா" என்றார் பயாஸ்கோப்பு.

அந்தச் சமயத்தில்தான் ஷாலுவுக்குக் கடைவாய்ப் பால்பல் சொத்தை. ஆறு வயது. கன்னம் வீங்கி நாலு நாளாகக் கஞ்சிதான். ஏற்கெனவே வேறு இரண்டு டாக்டர்களின் விரலைக் கடித்துவிட்டு வந்திருந்தாள். இங்கேயும் முடியாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். 'மயக்கம்' என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து என் மருமகளுக்குத் தூக்கமில்லை. "நம்ம செஞ்ச கை அங்க இருக்குது, பயப்படாதம்மா" என்று மார்தட்டி நான்தான் கூட்டிப்போனேன்.

கடல் படம் ஓடியது. ஊசி அருகில் வந்த நேரம், மீன் பின்னால் போனது. ஷாலுவும் பின்னால் திரும்பினாள். இரண்டாம் தடவையும் அதே கதை. டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"சாரிங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கே எழுதித் தர்றேன்."

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பீன்யாவையே அதட்டுகிற நான், அலுமினியக் கையில் ஏற்கெனவே இறுகியிருந்த திருகையே இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"டாக்டரம்மா, இன்னொரு படம் இருக்குது" என்றார் பயாஸ்கோப்பு.

"அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே?"

"உங்க போன்ல அழிச்சேம்மா."

டாக்டரம்மா அவரை முறைத்தார். பிறகு ஷாலுவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். "போடுங்க."

மரக்கிளைகள் போயின. கம்பிகள், மாடியில் காய்கிற புடவைகள், துண்டு துண்டாக வானம். எல்லாம் நேர் மேலே. ஷாலு அசையவில்லை. பயாஸ்கோப்பு அவள் காதோரம் குனிந்துகொண்டார்.

"இப்ப ஒரு பூக்கார அம்மா எட்டிப் பாப்பாங்க. உன் பல்லை அவங்களுக்குக் காட்டு. இன்னும் பெருசா. ஆங்!"

ஊசி இறங்கியது. ஒரு சின்ன முனகல், அவ்வளவுதான். மேலேயிருந்து பூ கொட்ட ஆரம்பித்திருந்தது.

"ஆ ஆ ஆஆ?" என்றாள் ஷாலு.

எங்கள் யாருக்கும் புரியவில்லை. வாயைத் திறந்தபடி பேசுகிற பாஷை அந்த மனிதர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"ஏன் அழுவுறாங்கன்னா கேக்கிற? நான் தனியா போறேன்னு அழுவுறாங்க கண்ணு. பாவம், அவங்களுக்குத் தெரியாது. நீதான் கூட வர்றியே."

டாக்டரம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பயாஸ்கோப்பு பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாத மனிதர் என்பது டாக்டரம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு குறடு உள்ளே போனது. படத்தில் தும்மல் வருவதற்குள் பல் வெளியே வந்துவிட்டது.

ஷாலு வீட்டுக்கு வரமாட்டேன் என்று அழுதாள். "அந்த அங்கிள் இன்னும் வண்டியிலிருந்து இறங்கலை!"

அதற்கப்புறம் டாக்டரம்மா கணவரோடு வெளிநாடு போய்விட்டார். ஆஸ்பத்திரியை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நான் பட்டறை வேலையாக ஒரு மாதம் ஓசூரில் இருந்துவிட்டுத் திரும்பினால், பயாஸ்கோப்பு அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். எங்கே என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. இப்போது நாங்கள் போகும் பல் ஆஸ்பத்திரியில் கம்பெனிக் கண்ணாடி, கம்பெனிக் கடல், ஏ.சி. ஒரு குறை சொல்ல முடியாது. காதோரம் குனியத்தான் யாரும் இல்லை.

போன வாரம் ஷாலு, பதினொரு வயதாகிறது, கண்ணாடி முன்னால் நின்று கத்தினாள்: "தாத்தா, இங்க பாரு!" அன்று பல் எடுத்த காலி இடத்தில், அரிசி முனை அளவுக்கு வெள்ளையாகப் புதுப் பல்.

அவள் அப்பனுக்குக்கூடச் சொல்லாமல், முதலில் பயாஸ்கோப்பின் நம்பருக்குத்தான் போன் போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் கன்னடத்தில் சொன்னாள். அவள் முழுதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, "பல்லு மொளைச்சிருச்சும்மா, அவருகிட்டச் சொல்லிடு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.