ஏழாம் அலைவரிசை

ஒரு காட்டில் ரிமோட் கார் பந்தயம் நடந்துவந்தது. வண்டி ஒரு முழ நீளம். இடிந்த விடுதி ஒன்றின் சிமெண்டு முற்றத்தில் நூற்று முப்பது அடிக்கு நேர்கோடு. வளைவு கிடையாது. விளக்கு பச்சையானதும் இரண்டு வண்டிகள் பாயும். இரண்டு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். அதற்காக மிருகங்கள் மூன்று மாதம் வேறு வேலை பார்ப்பதில்லை.

அந்த ஆண்டுப் பரிசு, மேட்டுப் பாறையடியில் ஒரு வளை. எந்த மழைக்கும் தண்ணீர் ஏறாது. செங்கமலம் என்ற கீரி அதற்காகவே பெயர் கொடுத்தது. போன ஐப்பசியில் அதன் வளைக்குள் வெள்ளம் புகுந்து, நான்கு குட்டிகளில் ஒன்று போய்விட்டது.

கீரி மோட்டாரைப் பிரித்துச் செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றியது. பின்சக்கரங்களுக்குப் பஞ்சு டயர் மாட்டியது. முன்பக்கம் தூக்காமலிருக்க மூக்கில் ஈயத்துண்டு ஒட்டியது. ரிமோட்டின் விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல இழுக்க விரலைப் பழக்கியது.

நடுவர் காட்டெருமை. வரிசையில் நிற்பவர்களுக்கு அலைவரிசை எண் எழுதிய சீட்டு கொடுக்கும். அந்த எண்ணில்தான் வண்டியையும் ரிமோட்டையும் பொருத்த வேண்டும். காட்டெருமைக்கு ஏழு வரைதான் எழுத வரும். ஏழாவதாக நின்றது கீரி. எட்டாவதாக நின்ற மாசானம் என்ற உடும்புக்கும் ஏழே போட்டது.

உடும்பின் வண்டி ஒரு மயிலிடம் வாங்கியது. பயங்கர வேகம். ஆனால் கிளம்பியதுமே மல்லாந்துவிடும். அதனால்தான் மயில் அதைத் தள்ளிவிட்டது.

முதல் சுற்றிலேயே கீரிக்கும் உடும்புக்கும் போட்டி. பச்சை விழுந்தது. கீரி மெல்ல இழுத்தது. இரண்டு வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பின. மயிலின் வண்டி வாழ்நாளில் முதன்முறையாகக் கவிழாமல் ஓடி, ஒரு சாண் முன்னால் கோட்டைத் தொட்டது.

கீரி திரும்பிப் பார்த்தது. உடும்பின் ரிமோட்டில் பின்மூடி திறந்து கிடந்தது.

"மாசானம் அண்ணே, இதுல பேட்டரியே இல்லியே!"

உடும்பு எட்டிப் பார்த்தது. "அட ஆமா தாயி. பாட்டுக் கேக்க ரேடியோவுல கழட்டிப் போட்டேன். அப்ப வண்டி எப்படி ஓடிச்சு?"

"நான் ஓட்டினேன்!"

கீரி நடுவரிடம் ஓடியது. காட்டெருமை விதிப்புத்தகத்தைப் புரட்டியது.

"போட்டியாளர் கையில் ரிமோட் இருக்க வேண்டும்னு போட்டிருக்கு. இருந்துச்சா?"

"இருந்துச்சு. உள்ளே பேட்டரிதான்..."

"பேட்டரியைப் பத்தி ஒண்ணும் போடலையே. அடுத்த ஜோடி வரலாம்."

கீரி விடுதிச் சுவரோரம் போய் உட்கார்ந்து அழுதது. சற்று நேரத்தில் உடும்பு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது.

"தப்பா நினைக்காதே. அடுத்த சுற்றுக்கும் நீ ஓட்டணும். நான் அழுத்தினா அது மல்லாந்துரும்."

"நான் எதுக்கு ஓட்டணும்?"

"எனக்கு மரப்பொந்து இருக்கு. வளையை நீயே எடுத்துக்கோ. இன்னிக்கு எல்லாரும் எனக்குக் கை தட்டினாங்க. இதுக்கு முன்னாடி யாரும் தட்டினதில்ல."

கீரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்தது. புதருக்குள் படுத்தபடி அடுத்த சுற்றை ஓட்டியது. கடைசிப் போட்டியில் காட்டுப்பன்றியை இரண்டு முழ வித்தியாசத்தில் தோற்கடித்தது. உடும்பு வெற்று ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. "என்ன நிதானம்!" என்று கூட்டம் வியந்தது.

மழைக்கு முன்பே கீரி மூன்று குட்டிகளோடு மேட்டு வளைக்குக் குடிபோனது. உடும்பைப் பயிற்சியாளராக நியமித்தார்கள்.

"ஜெயிக்கிறதுக்கு என்ன வழி, ஐயா?" என்று கேட்டது காட்டுப்பன்றி.

உடும்பு தன் ரிமோட்டைப் பார்த்தது. "எதையும் அழுத்தக் கூடாது" என்றது.

காட்டுப்பன்றி அதைக் குறித்துக்கொண்டது.

நீதி: வெற்றிக்குக் கடும் உழைப்பு அவசியம். அது சொந்த உழைப்பாக இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.