மாஸ்க்கின் மகளுக்கு நான் காட்டிய அணி

ஓசூரில் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம், ஒருவரைத் தவிர. அவர் மாஸ்க். அவரைத்தான் நான் ஏமாற்றினேன்.

எங்கள் குடியிருப்பில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தொழிற்பேட்டையில் வேலை. மகள் காவ்யா பேஸ்பாலில் கேட்சர். அதாவது, மட்டைக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிப்பவள். அவளுக்கு வாங்கிய கம்பி முகமூடியை அப்பாதான் மாட்டிக்கொண்டு மொபெட் ஓட்டுவார்.

"புதுச் செருப்பு மாதிரி கடிக்கும் சார். நான் போட்டுப் பழக்கித் தர்றன்" என்பார்.

அத்திப்பள்ளிச் சாவடியில் கர்நாடகப் போலீஸ்காரர் மறித்து, "ஏனப்பா இது?" என்று கேட்டாராம். "ஹெல்மெட்டு சாமி. காத்தோட்டமா இருக்கட்டும்னு" என்று கன்னடத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார். போலீஸ்காரர் சிரித்து முடிப்பதற்குள் இவர் எல்லையைத் தாண்டிவிட்டார்.

காவ்யா அப்போது பிளஸ் டூ போகவிருந்தாள். கோடையில் நல்ல அணியில் ஆடினால் மாவட்ட அணி, பிறகு மாநில அணி. அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம். அந்த வீட்டில் அவளைக் கல்லூரிக்கு அனுப்ப வேறு வழி இல்லை. ஆகவே மாஸ்க் அணி தேட இறங்கினார், குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு பிடிப்பதைப் போல. ஒரு பயிற்சியாளரிடம், "கொஞ்சம் நடந்து காட்டுங்க சார்" என்றார். அவர் குழம்பிப்போய் நடந்தும் காட்டினார். "எடது காலு இழுக்குது" என்று அவரைக் கழித்துவிட்டார்.

கடைசியில் இரண்டு அணிகள் தேறின. ஒன்று ஓசூரில், மற்றொன்று எல்லைக்கு அப்பால். அப்பால் இருந்ததில் புல்தரை, புதுச் சீருடை எல்லாம் உண்டு. நான் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்தார்.

"நீங்க சொல்லுங்க சார். எது போனா காலேஜிகாரங்க எடுப்பாங்க?"

கர்நாடக அணிச் சான்றிதழ் இங்கே செல்லாது என்று எனக்குத் தெரியும். ஓசூர் அணியில் கேட்சர் இடம் ஒன்றுதான் என்பதும், பத்தாவது முடித்த என் பேத்தி நிலா அதற்கு ஆசைப்படுகிறாள் என்பதும் தெரியும்.

"அந்தப் பக்கமே அனுப்புங்கள்" என்றேன்.

அதற்கு நன்றியாக அவர் தினமும் ஏதாவது கொண்டுவந்தார். தக்காளி, கீரை, ஒருநாள் உயிரோடு ஒரு சேவல். அந்தச் சேவல் என் கூடத்தில் நின்று என்னையே பார்த்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

மாஸ்க் முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டார். உள்ளே அழுகையா, கோபமா என்று தெரியவில்லை. கம்பிகளுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏன் சார், ஒரு வார்த்த கேட்டிருந்தா பாதி மேட்சு பேத்திக்கு உட்டிருப்பமே."

மறுநாளே ஓசூர் பயிற்சியாளரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, இருவரையும் ஆடவிட்டுப் பார்க்கும்படி கெஞ்சினேன். பார்த்தார். காவ்யாவைக் கேட்சராக்கினார், நிலாவை மைதானத்தின் கோடிக்கு அனுப்பினார். நிலா என்னோடு பேச்சை நிறுத்தினாள். காவ்யா மாநில அணி வரை போனாள். இப்போது சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள்.

அவளை விடுதியில் விட்டுவிட்டு வந்த மாஸ்க் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பேத்தியக் கூப்புடுங்க. அடுத்தது அவதான? எந்த டீமுன்னு நான் பாக்கறன். நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்க சாமி."

நான் திறக்கவில்லை. நிலாவுக்கு அவர் பந்து போடும் மாலைகளில் தேநீர் மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே.