வாட்டம் அதிகம்

"தம்பி, இந்த பாத்ரூமுக்குள்ள எப்படிப் போறது?"

போனில் மேஸ்திரியின் குரல் ரொம்பப் பணிவாக இருந்தது. அவர் பணிந்து பேசினால் எங்கோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

"கதவு வழியாத்தாண்ணே."

"அது எனக்கும் தெரியும். கதவு எங்க இருக்குன்னுதான் தெரியல. உங்க டிராயிங்ல நாலு பக்கமும் சுவரு. கூரையப் பிரிச்சு இறங்கிக் குளிக்கச் சொல்லட்டுமா?"

கொக்கு திரையைப் பார்த்தான். உண்மைதான். முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது, துண்டு மாட்டும் கம்பி இருந்தது, சோப்புக்கு ஒரு மாடம்கூட இருந்தது. கதவை மட்டும் காணோம்.

டைல்ஸ் கம்பெனியில் குளியலறை வரைவது அவன் வேலை. ஆறடி மூன்று அங்குலம், அதில் பாதி கழுத்து, அதனால் கொக்கு. சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறாவது மாதக் கடைசியில் வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று தெரிந்துவிடும். வீடு என்றால் அவன் வீடுகூட இல்லை, அக்கா வீட்டு ஹால். தினமும் காலையில் மாமா அவனுடைய பாயைத் தாண்டிப் போகும்போது, "என்ன மாப்ள, இந்த மாசம் பர்மனென்ட் ஆயிடும்ல?" என்று கேட்பார். கேள்வி வேலையைப் பற்றி, கவலை ஹாலைப் பற்றி.

கொக்குக்கு வரையத் தெரியும். மேனேஜர் பார்த்தால்தான் வராது. மேனேஜரின் கண்ணாடி அறை அவன் மேசைக்கு நேர் எதிரே இருந்தது. தலை நிமிர்ந்தால் அங்கே இரண்டு கண்கள். குனிந்துவிட்டு நிமிர்ந்தால் அதே இரண்டு கண்கள். பார்க்கிறாரா என்று இவன் ஒரு நாளைக்கு நூறு தடவை நிமிர்ந்து பார்ப்பான். நூறு தடவையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். குறை இருந்தால் வரைபடத்தில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டி, காலையில் இவன் வருவதற்கு முன்பே மேசையில் திருப்பி வைத்துவிடுவார். சீட்டு இல்லாமல் வந்தால் சரி, சைட்டுக்கு அனுப்பலாம். இதுதான் அந்த ஆபீஸின் சட்டம்.

"அவர் பாத்தாலே எனக்குக் கை தந்தி அடிக்குது மேடம்" என்றான் பக்கத்து சீட்டைப் பார்த்து.

பக்கத்து சீட் மேடம் பன்னிரண்டு வருடமாகச் சமையலறை வரைகிறவர். எதற்கும் தலை நிமிரமாட்டார். "நடுவுல ஒரு செடிய வை. யாராவது கேட்டா காத்து சுத்தமாகும்னு சொல்லு. ஆனா உன் உசரத்துக்குச் செடி காணாது, தோப்பே வைக்கணும்."

அன்று மாலையே கொக்கு நர்சரியில் நின்றான்.

"ரூமுக்குள்ள வைக்கிற செடி வேணும். நல்ல உசரமா."

"எவ்வளவு உசரம்?"

"நான் உக்காந்தா மறையற அளவுக்கு." சொன்ன பிறகுதான் உறைத்தது. "அதாவது, காத்து சுத்தமாகற அளவுக்கு."

நர்சரிக்காரர் அவனைக் கவிழ்த்த தொட்டி ஒன்றில் உட்கார வைத்து மூங்கில் குச்சியால் அளந்தார். "உக்காந்தே இவ்வளவா? எங்கயும் சும்மா நின்னுடாதீங்க தம்பி, கொடியேத்திடுவாங்க."

கடைசியில் அரிக்கா பாம் என்ற தொட்டிப் பனை ஒன்று தேறியது. பார்க்க ராஜா மாதிரி இருந்தது. மறுநாள் அதை மேசைக்கும் கண்ணாடி அறைக்கும் நடுவில் நிறுத்தி, நிம்மதியாக உட்கார்ந்து, மெதுவாக நிமிர்ந்தான் கொக்கு.

அதன் ஓலைகள் சீப்புப் பல் மாதிரி. ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் மேனேஜர். முன்பெல்லாம் மனிதர் பார்ப்பது மாதிரி இருந்தது. இப்போது புதருக்குள்ளிருந்து புலி பார்ப்பது மாதிரி இருந்தது. அன்று அவன் வரைந்த குளியலறையில் இரண்டு கதவுகள். இரண்டும் ஒரே சுவரில், பக்கத்துப் பக்கத்தில்.

"போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணா?" என்றார் மேஸ்திரி.

கொக்கு பாமைத் தூக்கிக்கொண்டு மறுபடி நர்சரிக்கு ஓடினான். "இடைவெளி இல்லாத செடி குடுங்கண்ணே. இலை சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கணும்."

நர்சரிக்காரர் ஒரு ரப்பர் செடியை இழுத்து வந்தார். ஆளை விழுங்குகிற உயரம். கரும்பச்சை இலைகள், ஒன்றின் மேல் ஒன்று, ஷட்டரை இறக்கிவிட்ட கடை மாதிரி. "வாரத்துக்கு ஒரு மக் தண்ணி, அவ்வளவுதான். விரலை விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. வெளிச்சம் இருக்கிற பக்கம் சாயும், அப்பப்ப திருப்பி வைங்க. தண்ணியில்லாம இது செத்ததே இல்ல தம்பி. பாசத்துலதான் கொன்னுடுறாங்க."

பத்து நாள் பொற்காலம். கொக்கு ஏழு குளியலறை வரைந்தான். எல்லாவற்றுக்கும் கதவு இருந்தது, அதுவும் ஒன்றே ஒன்று. ஒரு சீட்டும் வரவில்லை. மேஸ்திரியேகூட, "என்ன தம்பி, ஆளை மாத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

பதினோராம் நாள் ஒரு இலை பழுத்து விழுந்தது. மறுநாள் மூன்று விழுந்தன. தொட்டிக்குள் விரலை விட்டான். கூழ்.

"நான்தான் இந்த வாரம் ஊத்தவே இல்லையே!"

"பாத்ரூம் வரையறவன் ராசி. தொட்டதெல்லாம் ஒழுகுது" என்றார் மேடம்.

வாரம் ஒரு மக் என்பதையும் நிறுத்தினான். கூழ் காயவில்லை. செடி வேறு கண்ணாடி அறை பக்கமே சாய்ந்துகொண்டு போனது. அந்த அறையில்தான் ஜன்னல், வெளிச்சமும் அங்கிருந்துதான். மாலையில் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவான். காலையில் வந்து பார்த்தால் மறுபடி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். ஒரே இரவில் செடி இவ்வளவு திரும்புமா? இதுகூட மேனேஜருக்குத்தான் ஜால்ரா அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டான். நடுவில் கையகல இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் சரியாக இரண்டு கண்கள் வந்து உட்கார்ந்தன.

கொக்கின் கை மறுபடி தந்தி அடித்தது. அடுத்த குளியலறையை எப்படியோ முடித்து மேனேஜர் தட்டில் வைத்துவிட்டு ஓடினான்.

காலையில் வரைபடம் மேசைக்குத் திரும்பியிருந்தது. சீட்டு இல்லை! கண்ணில் ஒற்றிக்கொண்டு சைட்டுக்கு அனுப்பினான். அதன் பிறகுதான் தொட்டியைக் கவனித்தான். அதன் ஈர விளிம்பில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மேனேஜரின் கையெழுத்து.

"வாட்டம் அதிகம். உடனே சரி செய்யவும்."

கொக்கு சீட்டைப் பிய்த்து மேடத்திடம் நீட்டினான். "மேடம், இங்க பாருங்க! நம்ம செடி வாடறதப் பாத்து சார் மனசு கேக்காம எழுதியிருக்காரு."

"அந்த மனுஷனுக்கா மனசு?" என்றார் மேடம். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

உத்தரவு வந்த பிறகு சும்மா இருக்கலாமா? மூன்று குச்சி நட்டு, தண்டை நிமிர்த்திக் கட்டினான். உரம் வைத்தான். ஏசி காற்று படாமல் அட்டை கட்டினான். வெளிச்சம் போதாதென்று ஒரு மேசை விளக்கை வாங்கித் தன் நாற்காலிக்குப் பின்னால், செடியைப் பார்த்து வைத்தான். அது அவன் முதுகுப் பக்கமும் அடித்ததில், எதிர்க் கண்ணாடி முழுக்க அவன் நிழல் விழுந்தது. மேனேஜர் அறையில் ஏழடிக் கொக்கு ஒன்று நாள் முழுக்கக் காது குடைந்தது.

ஒரு வாரம் கழித்து மேஸ்திரி கூப்பிட்டார். குரலில் பணிவு சொட்டியது. "தம்பி, மேனேஜர் ஐயாகிட்ட போனைக் குடுங்களேன்."

ஐந்து நிமிடத்தில் கண்ணாடிக் கதவு திறந்தது. மேனேஜர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். கொக்கு உள்ளே போனான். இத்தனை மாதத்தில் அவர் குரலை அன்றுதான் கேட்டான். அதுவும் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"வாட்டம் சரி பண்ணச் சொல்லி சீட்டு வச்சேனே. பாக்கலையா?"

"பாத்தேன் சார். அன்னைக்கே பண்ணிட்டேன்."

"என்ன பண்ண?"

"மூணு குச்சி நட்டு, கயிறு கட்டி நிமித்திட்டேன் சார்."

"பாத்ரூமையா?"

"உரமும் வச்சிருக்கேன் சார். வெளிச்சம் பத்தலைன்னு லைட்டும் போட்டாச்சு."

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேஸ்திரி சொல்றாரு, ஒரு ஓரம் முழங்கால் உசரத்துக்கு ஏறிடுச்சாம்."

"ஒரு வாரத்துலயா? இருக்காது சார். நாலு இலை உதிர்ந்ததுதான் மிச்சம்."

"டேய், தரையோட வாட்டம்டா! தண்ணி ஓடற வாட்டம்! அடிக்கு கால் இஞ்ச்னு போடற இடத்துல நாலு இஞ்ச்னு போட்டிருக்க. முக்காலி போட்டு உக்காந்தா ஆளு நேரா சாக்கடை வாய்க்குப் போய் நிப்பான். அது பாத்ரூம் இல்ல, சறுக்குமரம்!"

கொக்குக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. சீட்டு வரைபடத்திலிருந்து கழன்று தொட்டியில் ஒட்டியிருக்கிறது. மாமாவின் முகமும் சுருட்டிய பாயும் கண் முன்னால் வந்தன.

"தப்பு என்னோடதுதான் சார். எல்லாம் அந்தச் செடியால வந்தது. இப்பவே தூக்கிடறேன்."

"தூக்கக் கூடாது!"

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். பிறகு மெதுவாக உட்கார்ந்து, கடிகாரத்திடமே சொன்னார். "அது இருக்கட்டும். காத்து சுத்தமாகுதுல்ல. சாயங்காலத்துக்குள்ள புது டிராயிங் குடு. மேஸ்திரிய நான் பாத்துக்கறேன். அப்புறம் அந்தச் செடி எப்படியாவது பொழைக்கணும். பொழைச்சா உன் பர்மனென்ட் லெட்டர்ல கையெழுத்துப் போடறேன்."

வெளியே வந்த கொக்கு நேராக மேடத்திடம் போனான். "வெளியிலதான் மேடம் அவரு கருங்கல்லு. உள்ள ஒரு நந்தவனமே இருக்கு."

"கால் இஞ்சா, நாலு இஞ்சா?" என்று கேட்டுவிட்டு மேடம் மறுபடி குனிந்துகொண்டார்.

மாலையில் புது வரைபடத்தைக் கொடுத்த கையோடு, மஞ்சள் இலை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போனான். நர்சரிக்காரர் இலையைத் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மேலிருந்து கீழே வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"வேர் அழுகுது தம்பி. தண்ணி அதிகம்."

"சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலண்ணே! மூணு வாரமா மக்கைத் தொடல. இது பொழைக்கலைன்னா என் வேலை போயிடும்."

"நீங்களும் அந்த டைல்ஸ் கம்பெனிதானே?"

"ஆமா."

நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க மேனேஜர் நேத்துதான் தம்பி வந்துட்டுப் போனாரு, 'எதிர் சீட்ல ஒரு நெட்டப் பையன் எந்நேரமும் என்னையே முறைச்சுப் பாக்குறான், பயத்துல ஒரு சீட்டு ஒழுங்கா ஒட்டக்கூடக் கை வரமாட்டேங்குது, அந்தச் செடி ஒண்ணுதான் எனக்கு மறைப்பு, தினமும் விடிஞ்சதும் யாரும் வர்றதுக்குள்ள ரெண்டு மக் ஊத்தி என் பக்கம் திருப்பி வைக்கிறேன், பத்துமா?'ன்னு கேட்டுட்டு!"