பென்குயின் போட்டுத் தந்தது

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பென்குயினை நேரில் பார்த்தவர்கள் பசறைக்காரர்கள் மட்டும்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அது கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தது. விண்டோஸுக்குப் பதிலாகக் கொம்பியூட்டரில் போடும் லினக்ஸின் சின்னம் பென்குயின். எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாத அந்தக் கடைக்காரரின் நடையும் ஏறக்குறைய பென்குயின் நடைதான். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

கீபோர்டில் ஒரு பட்டன் வேலை செய்யவில்லை என்று கொடுத்தால், திரும்பி வரும்போது பட்டன் அப்படியே இருக்கும். விண்டோஸ் காணாமல் போய், அந்த இடத்தில் லினக்ஸ் இருக்கும்.

"நீங்க பாவிச்சது கள்ள விண்டோஸுங்க. இது சும்மா கெடைக்குது, வைரஸும் வராது. யாரும் பாவிக்கலாம்" என்பார். கோழிக்கடை முதலாளி மட்டும், "பாட்டு கேக்குது, படம் ஓடுது, வேற என்னா வேணும்?" என்று திருப்தியாக இருந்தார். மற்றவர்கள் பென்குயினைக் கண்டால் லப்டொப்பை ஒளித்தார்கள். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

அப்போது நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் புது வாத்தியார். வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க பதுளையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. பத்து மணிக்குக் கணக்குப் பரீட்சை. பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் வினாத்தாள் இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். காலை ஆறரைக்குப் பள்ளிக்கூடத்துப் பிரிண்டரைப் போட்டேன். அப்படி ஒரு பிரிண்டர் உலகத்தில் இருப்பதே என் லினக்ஸுக்குத் தெரியவில்லை. பசறையில் அடித்து வரலாம் என்றால், மழையில் மண் சரிந்து பஸ் இல்லை. பதுளைப் பக்கத்து ரோட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதிகாரி நிச்சயம் வருவார். போனை எடுத்துப் பென்குயினை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

ஏழரைக்கு ஆள் வந்து நின்றார். சரிந்த மண்மேல் ஏறி நடந்தே வந்திருக்கிறார். முழங்கால் வரை சேறு, கோட்டு சுத்தம். பிரிண்டரோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினார்.

"சிஸ்டத்துல பிழையில்லீங்க சேர். பிரிண்டர் செஞ்சவன்தான் நம்மள நெனைக்கல."

"என் வேலை போகப்போகுது அண்ணே. போர்டுலயே எழுதிரவா?"

"போர்டுல எழுதுனா நாம தோத்த மாதிரி."

தோட்டத்து ஒபீஸ் கிளாக்கரிடம் கார்பன் தாள் வாங்கி வந்தார். பதினெட்டுப் பிள்ளைகள். நான்கு நான்கு தாளாக அடுக்கி, அதே வினாத்தாளை ஐந்து தடவை எழுதினார். அடிமட்டம் வைத்து முக்கோணங்களும் போட்டார். ஒன்பதே முக்காலுக்கு இரண்டு தாள் கூடுதலாகவே இருந்தது. விரலெல்லாம் நீலம்.

அதிகாரி ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எழுத்து நல்லாருக்கே. என்ன ஃபொன்ட்?"

"இலவசமானதுங்க சேர். யாரும் பாவிக்கலாம்" என்றார் பென்குயின்.

அதிகாரி சிரிக்கவில்லை. என் வேலையை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு உயிர் வந்தது. ஏசியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"உண்மையச் சொல்லுங்க அண்ணே. சாதாரண ஆளுங்களுக்கு இந்த லினக்ஸ் சரிவருமா?"

"ஏன் வராது? கூப்பிட்டா வர நான் இருக்கேனே."

அவர் செத்து இரண்டு வருஷமாகிறது. என் லப்டொப்பில் இன்றைக்கும் லினக்ஸ்தான், பிரிண்ட் எடுக்க இன்றைக்கும் பசறைக்குத்தான் பஸ் ஏறுகிறேன். விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்று பலபேர் சொல்லிவிட்டார்கள். அவர் போட்டுத் தந்ததை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.