விலகுவதற்கு ஒன்பதை அழுத்தவும்

உன்னைத்தான் சொல்கிறேன். உன் பெயர் தெரியாது, முகம் தெரியாது. எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறாய் என்று அந்தக் கம்பெனியிலேயே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் "விட்டுப் போகிறேன் என்பவனுக்குச் சலுகை, விடாமல் இருப்பவனுக்கு முழுக் கட்டணம்" என்று விதி எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நீதான். என்னைக் கெடுத்தவன் நீ. கெடுவதற்கு நான் எவ்வளவு ஒத்துழைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சரக்கில் உள்ள ஓட்டையை எதிராளி கண்டுபிடிப்பதற்கு முன் நாமே காட்டிவிட வேண்டும் என்பது பேரத்தின் பாலபாடம்.

என் பெயர் அனிபால் ரொசேத்தி. ரொசாரியோ நகரில் சாக்கடை அடைப்பு எடுப்பவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. மீதிப் படிப்பு சந்தையிலும் சாக்கடையிலும். சுருள் கம்பி இயந்திரம் ஒன்று, ஓட்டை வேன் ஒன்று, செல்போன் எண் ஒன்று, இவைதான் என் சொத்து. மூன்றில் மதிப்புள்ளது எண்தான். வருடக்கணக்காக அதை மஞ்சள் ஒட்டுத்தாளில் அச்சடித்து விளக்குக் கம்பம், லிஃப்ட் கதவு, மாதாகோவில் பின்சுவர் என்று பாரபட்சமில்லாமல் ஒட்டியிருக்கிறேன். பாதி ஊரின் பிரிட்ஜ் கதவில் அது காந்த வில்லையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் மாமியார் என் பெயரை மறந்துபோய் "அந்த ஆள்" என்பார். ஆனால் எண்ணைக் கேட்டால் தூக்கத்திலும் ஒப்பிப்பார். கழிவறை பொங்கி வரும்போது மனிதனுக்குச் சாமி பெயர் வாயில் வருவதில்லை. நாலு ஏழு நாலு ஏழு என்று முடியும் என் எண்தான் வரும்.

என்னிடம் இன்னொரு பெருமையும் இருந்தது: பேரம். என் கல்யாணத்துக்குப் பூசை வைத்த பாதிரியாரிடமே பேரம் பேசியவன் நான். என் முறை எளிது. விலையைக் கேள், மார்பில் கை வைத்து வலி வந்தவன் மாதிரி நில், திரும்பிப் பத்தடி நட. எட்டாவது அடியில் கடைக்காரன் கூப்பிடுவான். முப்பது வருடத்தில் ஒருவனும் என்னைப் பத்தாவது அடி வரை நடக்க விட்டதில்லை.

இப்படி இருந்தவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனன் டிட்டோ கவிழ்த்தான். எங்கள் ஊரில் ஞாயிறு என்றால் கரி அடுப்பில் கறி சுடுவது. கறி வேகும் வரை யார் எதில் எவ்வளவு தள்ளுபடி வாங்கினோம் என்று பீற்றிக்கொள்வது.

"அத்தான், போனுக்கு மாசம் எவ்வளவு கட்டுறீங்க?" என்றான்.

சொன்னேன். கடித்த சொரிசோ தொத்திறைச்சியோடு அப்படியே நின்றுவிட்டான்.

"முழுசாவா?"

"பின்ன அரைகுறையாவா கட்டுவாங்க?"

"அக்கா! இங்க ஓடி வா. உன் வீட்டுக்காரர் முழுசா கட்டுறாராம்!"

"உன் வீட்டுக்காரர் குடித்துவிட்டு ரோட்டில் கிடக்கிறார்" என்பது இதைவிடக் கௌரவமான செய்தி. என் மனைவி நோர்மா சாலட் கிண்ணத்தோடு வந்தாள்.

"ஏன்யா, எலும்பு வாங்கப் போனா கறியைக் கொசுறு கேக்குற மனுஷன் நீ. இவங்ககிட்ட இருபத்தொரு வருஷமா ஏமாந்திருக்கியா?"

"போன் போட்டு 'விலகிக்கிறேன்'னு சொன்னாலே போதும் அத்தான். பதறியடிச்சுப் பாதியாக் குறைப்பான். ஊரே பண்ணுதே!"

"எனக்கு நாப்பது சதவீதம்" என்றார் மாமியார், கறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று கறி ருசிக்கவில்லை. மறுநாள் காலையே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். புதிய இணைப்புக்கு ஒன்று, கட்டணம் செலுத்த இரண்டு என்று பதிவுக் குரல் ஒன்று அடுக்கிக்கொண்டே போனது. விலகுவதற்கு ஒன்பது. தள்ளுபடி கேட்க எண்ணே இல்லை. நான் நியாயவாதியாக இருந்த கடைசி நாள் அது. ஆகவே "இதர விசாரணை"க்கு நாலை அழுத்தினேன். நாற்பது நிமிடம் இசை. பிறகு ஒரு மனிதன்.

"ஐயா, நீங்க எங்க வைர நிலை வாடிக்கையாளர். தங்களது இருபத்தோராண்டு கால நல்லாதரவை நிர்வாகம் பெருமிதத்தோடு நினைவுகூர்கிறது."

"சந்தோஷம். எவ்வளவு குறைப்பீங்க?"

"வைர நிலைக்குச் சலுகை கிடையாதுங்க."

"ஏன்?"

"போறவங்களுக்குச் சலுகை கொடுத்தா, போகாம இருப்பாங்க. நீங்கதான் ஏற்கெனவே போகாம இருக்கீங்களே. உங்களுக்குக் கொடுத்து என்னங்க பிரயோஜனம்?"

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் தட்டினாலும் ஓட்டை இல்லாத வாதம்.

"சரி, அப்போ நான் போறேன்."

"ரொம்ப நல்லதுங்க. ஒன்பதை அழுத்துங்க."

ஒன்பதை அழுத்தினேன். இசை இல்லை, காத்திருப்பு இல்லை. முதல் மணியிலேயே தேன் ஒழுகும் ஒரு பெண் குரல்.

"தக்கவைப்புப் பிரிவு, யமிலா பேசறேன். நீங்க எங்களைப் பிரியறதுல மனமார்ந்த வருத்தம். காரணம் என்னங்க? படிவத்துல அஞ்சு இருக்கு. பொருளாதார நெருக்கடி, சேவையில அதிருப்தி, போட்டிக் கம்பெனி, வெளிநாடு, மரணம்."

"எதுக்கு எவ்வளவு?"

"அதைச் சொல்லக்கூடாதுங்க. நீங்க காரணத்தைச் சொல்லுங்க."

"நெருக்கடி."

"இருபது சதவீதம்."

"அதிருப்தி."

"முப்பது."

"போட்டிக் கம்பெனி."

"ஐம்பது. ஆறு மாசத்துக்கு."

"மரணம்?"

"அதுக்கு நீங்களே பேசக்கூடாதுங்க. வாரிசு பேசணும்."

ஐம்பதை வாங்கிக்கொண்டு போனை வைத்தேன். இருபத்தொரு வருட விசுவாசம் வாங்கித் தராததை ஒரு நிமிடத் துரோகம் வாங்கித் தந்தது. அடுத்த ஞாயிறு கறியின் ருசியே வேறு.

அதோடு நின்றிருந்தால் நான் மனிதன். ஆறு மாதம் முடிந்ததும் மறுபடி ஒன்பதை அழுத்தினேன். ஐம்பத்தைந்து. செய்தி தெருவில் பரவியது. பேசத் தெரியாதவர்கள் பில்லோடு என் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். பேக்கரிக்காரருக்காக நான் போனிலேயே உருகுவே நாட்டுக்குக் குடிபெயர்ந்தேன். எதிர்வீட்டு விதவைக்காகக் குரலை ஒடுக்கி விம்மினேன்.

"சார்," என்றாள் யமிலா, "உடம்பைப் பாத்துக்கோங்க. போன வாரம் விதவையா பேசும்போதே தொண்டை கட்டியிருந்துச்சு."

"கண்டுபிடிச்சிட்டியா? அப்போ அந்தம்மாவுக்குக் கொடுக்கமாட்டியா?"

"நாப்பத்தஞ்சு போட்டுட்டேன் சார். விதவைன்னு சொன்னவங்க ஆம்பளையா இருக்கக்கூடாதுன்னு விதியில இல்லை."

இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். பின்னால் அவள் எனக்கு எவ்வளவோ குறிப்புக் கொடுத்தாள், என் காதில்தான் அடைப்பு.

நோர்மா மட்டும் ஒருநாள் சுவர்க்காலண்டரைக் காட்டினாள். "இந்த வாரம் போன்லயே மூணு நாள் போச்சு. வேன் கிளம்பவே இல்லை. நீ மிச்சம் பிடிச்சது ஒரு கிலோ கறிக்குக் காணாதுய்யா."

"கொள்கைக்கு விலை போடாதே" என்றேன். கொள்கை என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை, எனக்கும் தெரியாது.

இரண்டு வருடத்தில் நான்கு முறை விலகி நான்கு முறை திரும்பினேன். ஐந்தாவது தவணை நெருங்கிய ஞாயிறு, டிட்டோ இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, "எனக்கு அறுபது" என்றான். திங்கள் காலை முதல் வேலையாக ஒன்பதை அழுத்தினேன்.

"முப்பது சதவீதம் சார்" என்றாள் யமிலா.

"என்னது? போன தடவை ஐம்பத்தெட்டு!"

"சார், தயவுசெஞ்சு முப்பதை வாங்கிக்கோங்க. இந்த மாசம் மேலேயிருந்து புது சுற்றறிக்கை வந்திருக்கு."

"என்னன்னு?"

"அதைச் சொல்லக்கூடாது."

"அப்போ வந்திருக்குன்னு மட்டும் ஏன் சொன்னே?"

"உங்களுக்காகத்தான் சார்."

அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. சந்தையில் விற்பவன் கெஞ்சினால் இன்னும் இறங்க இடமிருக்கிறது என்று பொருள். முப்பது வருடம் அடிபட்டுக் கற்ற பாடம். அந்தப் பாடத்தை வைத்துத்தான் என் கழுத்தை அறுத்துக்கொண்டேன்.

"அறுபத்தஞ்சு கொடு. இல்லாட்டி விலகிக்கிறேன்."

"விலகறதை உறுதிப்படுத்துறீங்களா சார்? மூணு தடவை சொல்லணும். பதிவாகுது."

"உறுதி!"

"ரெண்டாவது தடவை?"

"உறுதி!"

"சார்... உங்க எண்ணை யோசிங்க சார். ஊரெல்லாம் ஒட்டியிருக்கீங்க. எங்க வீட்டு பிரிட்ஜ்லயும் இருக்கு."

"பயமுறுத்துறியா? உறுதி, உறுதி, உறுதி! எண்ணிக்கோ!"

பிறகு என் முறைப்படி, போனைக் காதில் வைத்தபடியே, அடுப்படியிலிருந்து வாசலை நோக்கி நடந்தேன். எட்டாவது அடியில் வேகத்தைக் குறைத்தேன். ஒன்பதாவது அடியை அரை அடியாக வைத்தேன். பத்தாவது அடியில் வாசல் வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. காதில் நிசப்தம். திரையைப் பார்த்தேன்: "சேவை இல்லை."

கம்பெனி அலுவலகத்துக்கு ஓடினேன். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, புகார்ப் பிரிவின் அதிகாரி முன் நின்றேன். டை கட்டிய, இஸ்திரி போட்ட மனிதர்.

"புகார் சொல்ல வாடிக்கையாளர் எண் வேணும்" என்றார்.

"அதைத்தானே வெட்டிட்டீங்க!"

"அப்போ நீங்க வாடிக்கையாளர் இல்லை. வாடிக்கையாளர் இல்லாதவங்களுக்குப் புகார் இருக்க வாய்ப்பில்லை."

"அது என்னய்யா சுற்றறிக்கை?"

வாடிக்கையாளர் இல்லாதவனுக்கு அதைக் காட்டத் தடையில்லையாம். எடுத்து வாசித்தார். "நான்கு முறை விலகுவதாகத் தெரிவித்த வாடிக்கையாளரின் விருப்பத்தை ஐந்தாவது முறை நிர்வாகம் மதிக்கும்."

என் வாழ்நாளில் ஒரு நிர்வாகம் என் விருப்பத்தை மதித்தது அந்த ஒரு முறைதான்.

"எனக்கு என் பழைய எண் வேணும்."

"அது தொண்ணூறு நாள் ஓய்வுல இருக்கும். அப்புறம் வரிசையில அடுத்தவங்களுக்குப் போகும். நீங்க புதுசாச் சேர்ந்தா, புது எண்ணோட ஒரு வருஷத்துக்கு எழுபது சதவீதம் தள்ளுபடி தர்றோமே!"

நான் கேட்டதைவிட ஐந்து அதிகம். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வேண்டாம் என்றேன்.

அந்தத் தொண்ணூறு நாளும் எண் ஓய்வெடுத்தது, வேனும் ஓய்வெடுத்தது. நோர்மாவின் எண்ணைப் போட்டுப் புதுத் தாள் ஒட்டினேன். பிரிட்ஜ் கதவில் இருப்பதை யார் போய்க் கிழிப்பார்கள்? கிடைத்த வேலை மொத்தம் மூன்று. அதில் ஒன்று மாமியார் வீடு. அவர் நாற்பது சதவீதம் தள்ளுபடி கேட்டார்.

வெளியே மூச்சு விடவில்லை. "இப்போ எவ்வளவு அத்தான்?" என்று டிட்டோ கேட்ட ஞாயிறு, "நூறு" என்றேன். பொய்யில்லை, ஒரு காசு கட்டவில்லை. எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். மறுநாளே டிட்டோ ஒன்பதை அழுத்தி நூறு கேட்டான். அவனுக்கும் அது ஐந்தாவது முறை. இப்போது அவனும் நோர்மாவின் போனில்தான் பேசுகிறான். பேரமே பேசாத நோர்மாவிடம் மட்டும்தான் எங்கள் குடும்பத்தில் போன் இருக்கிறது.

தொண்ணூற்றோராம் நாள் என் எண்ணுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. ஒரு வயதான பெண் குரல்.

"சொல்லுங்க. கேக்கா, கக்கூஸா?"

அவர் தோன்யா எதெல்வினா. கல்யாண கேக் செய்பவர். காலையில் எண் வந்ததிலிருந்து பதினேழு பேர் அழைத்து, உடனே கம்பியோடு வரச் சொன்னார்களாம். என் கதையைச் சொன்னேன்.

"அட பாவமே! எடுத்துக்கோ தம்பி, மகராசனா எடுத்துக்கோ. நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன்."

எண்ணை எனக்கு மாற்றித் தர முதலில் அவர் விலக வேண்டும். ஒன்பதை அழுத்தினார். மாலையில் தயங்கித் தயங்கி என்னை அழைத்தார்.

"தம்பி, விடமாட்டேங்கிறாங்கப்பா. ஐம்பது சதவீதம் கொடுத்துட்டாங்க."

"வேண்டாம்னு சொல்லுங்கம்மா!"

அடுத்த வாரம் சொன்னார். எழுபத்தைந்து. அதற்கடுத்த வாரம் சொன்னார். ஒரு வருடத்துக்கு இலவசம், கூடவே ஒரு புதுப் போன்.

"யமிலான்னு ஒரு நல்ல பொண்ணு. நான் போயிட்டா அதோட போனஸ் போயிடுமாம். எப்படிப்பா மனசு வரும்?"

நாலாவது முறை அவர் ஒன்பதை அழுத்தவே இல்லை. அதற்குப் பதில் என்னிடம் ஒரு யோசனை சொன்னார். அடைப்பு என்று வரும் அழைப்பையெல்லாம் எனக்கு அனுப்புவார். பத்து வேலைக்கு ஒரு வேலைக் கூலி அவருக்கு.

"அநியாயம்மா! இருபதுக்கு ஒண்ணு."

"அப்போ சரி தம்பி. கூப்பிடறவங்ககிட்ட நீ செத்துட்டேன்னு சொல்லிடறேன்" என்றார். போன் வழியாக அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. நடக்கிறார்! எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று...

நாலாவது அடியிலேயே கூப்பிட்டுவிட்டேன். அன்று நானே தக்கவைப்புப் பிரிவு ஆனேன்.

ஆகவே, பெயர் தெரியாத ஐயா, இந்த மனுவைப் பார். அந்த அம்மாளைப் போக விடு. போக வேண்டாம் என்று கதறியவனைத் தள்ளிவிட்டு, போகிறேன் என்கிறவரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயே, இது என்ன முறை? நாலு ஏழு நாலு ஏழு எண்ணை என்னிடம் கொடு. முழுக் கட்டணம் கட்டுகிறேன். வைர நிலையில் வை, இல்லை, தகர நிலையில் வை. யமிலா அன்று சொன்ன முப்பது சதவீதம் போட்டால் நல்லது. சரி, இருபது. சரி, பத்து.

ஒன்றும் வேண்டாம், எண்ணைக் கொடு. நான் வாசலிலேயே நிற்கிறேன். இந்த முறை ஓரடிகூட நடக்கவில்லை. கூப்பிடு.